நீண்ட கேம் தொடருக்கு இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழு வழிகாட்டி

2021 செப்டம்பர் 30 அன்று கோய்ச்சி சுகியாமா 90 வயதில் காலமானார். டிராகன் குவெஸ்ட் தொடரின் முதல் கேம் 1986இல் வந்ததிலிருந்து 11 முதன்மைப் பாகங்களுக்கும் இசை அவர்தான். 12ஆம் பாகம் வருகிறது என்று அறிவித்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 35 ஆண்டு ஒரே கை எழுதிய இசை. இப்படி ஒரு தொடரில் அடுத்து யார் என்ற கேள்வி வந்தால் ரசிகர்கள் உடனே பெயர்ப் பட்டியல் போடுவார்கள். அது நல்ல பொழுதுபோக்கு. முடிவெடுக்கிற நாற்காலியில் இருப்பவரும் அதே பட்டியலில் தொடங்கினால் வேலை கெட்டுவிடும்.

புதியவர் எவ்வளவு நல்ல மெட்டுப் போடுவார் என்பது இரண்டாவது கேள்விதான். இன்னொருவர் போட்டுவைத்த மெட்டோடு அவர் எப்படிக் குடித்தனம் நடத்துவார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது. இரண்டு பாகம் வெளியிட்டு மூன்றாவதைத் தொடங்கும் சின்ன ஸ்டூடியோவுக்கும் இது பொருந்தும், பெரிய நிறுவனத்தில் ஒலிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவருக்கும் பொருந்தும். பணத்தின் அளவு மாறுமே தவிர வரிசை மாறாது.

1. பழைய பாகங்களைத் திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

முதல் வேலை கணக்கெடுப்பு. தொடரின் எல்லாப் பாகங்களையும் ஒலியை மட்டும் வைத்துக் கேளுங்கள். தலைப்புத் திரை, மெனுவில் கர்சர் நகரும் சத்தம், சண்டை ஜெயித்ததும் வரும் முழக்கம், கதாநாயகன் சாகும்போது வரும் இரண்டு விநாடி, சேமிக்கும் இடத்தின் அமைதி என்று எதையும் விடாதீர்கள். கேட்டதை மூன்று தலைப்பின் கீழ் எழுதுங்கள்: தொடக் கூடாதவை, மாற்றி வாசிக்கலாம் என்பவை, விட்டுவிடலாம் என்பவை.

இந்தக் கணக்கெடுப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபைனல் ஃபேன்டஸிதான் நல்ல உதாரணம். 1987 முதல் 2000 வரை வந்த முதல் ஒன்பது பாகங்களுக்கும் நோபுவோ உயெமட்சு தனியாகவே இசையமைத்தார். அதற்குப் பிறகு ஹிதோஷி சகிமோட்டோ, மசாஷி ஹமவுசு, யோக்கோ ஷிமோமுரா, மசயோஷி சோக்கென் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். இவர்களின் பாணிகளுக்குள் ஒற்றுமை தேடினால் தலை சுற்றும். இருந்தும் தொடர் அறுந்துபோன உணர்வு வருவதில்லை. ஏறி இறங்கும் அந்த ஹார்ப் ஒலி, வெற்றி முழக்கம், சோக்கோபோ பறவையின் மெட்டு என்று கைவிரலால் எண்ணிவிடக் கூடிய சில துணுக்குகள் எல்லோர் கைக்கும் மாறி வந்ததுதான் காரணம். 2016இல் வந்த 15ஆம் பாகத்தில், சண்டை முடிந்ததும் பிராம்ப்டோ என்ற பாத்திரமே அந்த வெற்றி முழக்கத்தை வாயால் முணுமுணுப்பான். ஆர்க்கெஸ்ட்ரா தேவைப்படவில்லை, சுரங்கள் அதே வரிசையில் வந்தால் போதுமாக இருந்தது.

தொடரின் அடையாளம் எது என்பதில் நீங்களே ஏமாறலாம். அசாசின்ஸ் கிரீட் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு ஜெஸ்பர் கிட் எழுதிய 'எஸியோஸ் ஃபேமிலி', ஒரே ஒரு கதாபாத்திரத்தின் குடும்பத்துக்காக வந்த இசை. காலப்போக்கில் அதுவே மொத்தத் தொடரின் முத்திரையாகிவிட்டது. 2017இல் எகிப்துக்குப் போன பாகத்தில் சாரா ஷாக்னர் அதைத் திருப்பி வாசித்தார். 2020இல் வைக்கிங் கதை சொன்ன பாகத்திலும் அது இருக்கிறது. எஸியோ என்ற ஆள் அந்தக் கதைகளில் கிடையவே கிடையாது! ஆகவே உங்கள் பட்டியலை நீங்கள் மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். தொடரை விளையாடிய பத்துப் பேரைக் கூப்பிட்டு, படம் காட்டாமல் ஒவ்வொரு இசையிலும் முதல் நான்கு விநாடி மட்டும் போட்டுக் காட்டுங்கள். எதைக் கேட்டதும் முகம் மாறுகிறதோ அதுதான் சொத்து. நீங்கள் தலைப்பு இசை என்று பெயர் வைத்தது பல நேரம் அதில் இருக்காது.

கணக்கெடுக்காமல் போனால் என்ன ஆகும்? ஹேலோவைப் பாருங்கள். மார்ட்டின் ஓடானல், மைக்கேல் சால்வடோரி இருவரும் உருவாக்கிய அந்தத் துறவிக் கோரஸ் 1999இல் முதல் அறிமுகக் காட்சியிலேயே ஒலித்தது. தொடர் வேறு ஸ்டூடியோவுக்குப் போன பிறகு 2012இல் வந்த நான்காம் பாகத்தில் நீல் டேவிட்ஜ் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். தனியாகக் கேட்டால் அருமையான இசை. எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் ஐந்தாம் பாகத்தில் கோரஸ் திரும்பி வந்தது, 2021இல் வந்த ஹேலோ இன்ஃபினிட் இன்னும் பின்னோக்கி நடந்தது. தொடரிலிருந்து எதை எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தால் அது துணிச்சல், தெரியாமல் எடுத்தால் அடுத்த பாகத்தில் அதைத் திரும்ப வைக்க வேண்டிவரும்.

தெரிந்தே எடுத்தவர்களும் உண்டு. செல்டா தொடரின் உலா மெட்டு 1986இல் கோஜி கொண்டோ எழுதியது. 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டில் மனாகா கட்டவோகா குழுவினர் அதைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து அகற்றி, புல்வெளி முழுக்கப் பியானோவின் சிதறிய சுரங்களை மட்டும் விட்டார்கள். ராத்திரியில் குதிரையில் நெடுந்தூரம் போய்க்கொண்டே இருந்தால் பழைய மெட்டு மெதுவாக மேலே வரும். கவனிக்காதவருக்கு அது கிடைக்காது. அப்படி ஒளித்துவைக்கவும் முதலில் பட்டியல் தேவை.

2. பெயர் தேடும் முன் காகிதத்தைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். பட்டியலில் 'தொடக் கூடாதவை' என்று எழுதிய மெட்டு உங்களுடையதுதானா?

1994இல் வந்த சோனிக் 3 கேமின் இசையில் மைக்கேல் ஜாக்சன் குழுவுக்குப் பங்கு உண்டு என்பது நெடுநாள் வதந்தியாக இருந்தது. பின்னர் அவருடன் வேலை செய்த பிராட் பக்சரே அதைப் பற்றிப் பேசினார். 2022இல் செகா பழைய கேம்களைத் தொகுத்து சோனிக் ஆரிஜின்ஸ் என்று வெளியிட்டபோது, பனிமலைக் கட்டம் உள்ளிட்ட சில இடங்களில் பழைய இசை இல்லை. வேறு இசை இருந்தது. உரிமைச் சிக்கல்தான் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். காரணம் எதுவானாலும், சிறுவயதில் கேட்ட இசைக்காகவே காசு கொடுத்து வாங்கியவருக்கு அது கிடைக்கவில்லை.

ஹேலோவிலும் இது வந்தது. ஓடானலும் சால்வடோரியும் 2020இல் மைக்ரோசாஃப்ட் மீது ராயல்டி கேட்டு வழக்குப் போட்டார்கள். தாங்கள் கூலிக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை, உரிமம்தான் கொடுத்தோம் என்பது அவர்கள் வாதம். ஹேலோ டிவி தொடர் வெளியாகும் சமயத்தில் தகராறு சூடு பிடித்து, 2022இல் சமரசத்தில் முடிந்தது. முதல் கேம் வந்தது 2001இல்; காகிதத் தகராறு அவ்வளவு காலம் கழித்தும் வரும்.

ஆகவே பழைய ஒப்பந்தங்களை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்: மெட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது (இரண்டும் வேறு வேறு உரிமைகள்), அடுத்த பாகத்தில் வேறொருவர் அதை மாற்றி எழுத அனுமதி உண்டா, டிரெய்லருக்கு உண்டா, மறுபதிப்புக்கு, கச்சேரிக்கு, தனி ஆல்பத்துக்கு, யாராவது விளையாடிக்கொண்டே நேரலை செய்தால் அதற்கு? பாடகர் யாராவது இருந்தால் அவர் கையெழுத்து தனி.

இந்தியாவில் ஒப்பந்தம் போடுபவர்கள் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. உரிமையைக் கைமாற்றும் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரம் வேறு மாதிரி சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். கேம் செய்ய மூன்று நான்கு வருடம் ஆகிறதே, யோசித்துப் பாருங்கள். 2012 திருத்தம் ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கைப் பற்றியும் சில விஷயங்களை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்திருக்கிறது. அது உங்கள் கேமுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிப் பத்திரத்தைப் பெயர் மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குவது நம்மூரில் சகஜம். அதைச் செய்யாதீர்கள்.

3. தொடர்ச்சியா, திருப்பமா என்று முடிவு செய்யுங்கள்

எந்த மாதிரி ஆள் வேண்டும் என்பது, புதிய பாகம் பழையதோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கதையும் களமும் மொத்தமாகத் திரும்புகிறது என்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம். காட் ஆஃப் வார் கிரேக்கப் புராணத்தை விட்டு ஸ்காண்டிநேவியப் புராணத்துக்குப் போன 2018 பாகத்தில் இசையமைப்பாளர் பேர் மெக்ரியரி வந்தார். அடிவயிற்றிலிருந்து வரும் மூன்றே சுரத்தில் நாயகன் கிரேடோஸுக்குப் புது முகம் கொடுத்தார். நாயகனே மாறிப்போன கதை என்பதால் அது எடுபட்டது. அதே நாயகன், அதே ஊர், கதை விட்ட இடத்தில் தொடங்குகிறது என்றால் அப்படிச் செய்ய முடியாது. அன்சார்ட்டட் முதல் மூன்று பாகங்களுக்கு கிரெக் எட்மன்சன். 2016இல் வந்த நான்காவதற்கு ஹென்றி ஜாக்மன். ஆள் மாறினாலும் நாயகன் நேட்டின் மெட்டு மாறவில்லை, உடை மட்டும் மாற்றிக்கொண்டது.

வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள் என்பேன். 2001இல் ஃபைனல் ஃபேன்டஸி 10 வந்தபோது உயெமட்சு முதன்முறையாக ஹமவுசு, ஜுன்யா நகானோ இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். 2009இல் 13ஆம் பாகம் வந்தபோது ஹமவுசுவின் பெயர் தனியாக நின்றது. 2020இல் ஏழாம் பாகத்தை மறுஆக்கம் செய்தபோது, உயெமட்சுவின் பழைய மெட்டுகளை எடுத்து விரிக்கும் பெரும்பொறுப்பும் ஹமவுசுவிடமும் மிட்சுட்டோ சுஸுக்கியிடமும்தான் வந்தது. ஹேலோ நான்காம் பாகத்தில் கூடுதல் இசை எழுதிய கஸுமா ஜின்னவுச்சிதான் ஐந்தாம் பாகத்தை எடுத்து நடத்தினார். உதவியாளராக இருந்தவருக்கு மெட்டு மட்டுமல்ல, அந்த மெட்டு ஏன் அந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதும் தெரியும். அது எந்த ஆவணத்திலும் இருக்காது.

4. 'பிரம்மாண்டம்' என்ற சொல் இல்லாமல் தேவையை எழுதுங்கள்

ஸ்டூடியோக்கள் எழுதும் தேவைக் குறிப்பில் பிரம்மாண்டம், உணர்ச்சிகரம், தனித்துவம் என்று மூன்று சொல் இருக்கும். இவற்றை வைத்து ஒரு சுரம்கூட எழுத முடியாது. சினிமாவில் காட்சி எத்தனை விநாடி என்று இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் அது விளையாடுபவர் கையில் இருக்கிறது. ஒருவர் பதினைந்து விநாடியில் சண்டையை முடிப்பார், இன்னொருவர் ஏழு நிமிடம் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். இசை இரண்டு பேருக்கும் பொருந்த வேண்டும். லூகாஸ்ஆர்ட்ஸ் 1991இல் மங்கி ஐலண்ட் 2 கேமுக்காக ஐமியூஸ் என்ற முறையைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான்: கதாநாயகன் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால் இசை வெட்டுப்படாமல் தானாகச் சரியான இடத்தில் திரும்பிக்கொள்ளும். இன்று எஃப்மோட், வைஸ் போன்ற மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

அதனால் குறிப்பு இப்படி இருக்க வேண்டும். 'இடம்: சதுப்புநிலக் கிராமம், இரவு. தேடல் நிலை: இரண்டு நிமிட லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு), வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு. எதிரிக்குச் சந்தேகம் வந்தால் அதே வேகத்தில் தோல் வாத்தியம் மட்டும் மேலே சேரும். சண்டை தொடங்கினால் வேகம் 144; சரியாக இரட்டிப்பு என்பதால் தாளக்கட்டு முட்டாது. சண்டை எந்தத் தட்டில் முடிந்தாலும் ஒட்டக் கூடிய நான்கு விநாடி முடிப்பு இரண்டு. பழைய பாகத்தின் கிராம மெட்டு தேடல் லூப்பில் ஒரே ஒருமுறை, முழுவதும் வராமல் முதல் ஐந்து சுரம் மட்டும்.' இப்படி எழுதினால் இசையமைப்பாளர் மறுநாளே உட்கார்ந்துவிடலாம். எழுதும்போதே உங்கள் நிரலாளர் கேட்கும் கேள்விகளும் வெளியே வந்துவிடும்.

நிமிடக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 30 மணி நேரம் ஓடும் கேமுக்கு 90 நிமிட இசை என்றால், சராசரியாக ஒவ்வொரு நிமிடமும் இருபது முறை காதில் விழும். முதல் தடவை கேட்கும்போது புல்லரிக்கவைக்கும் இசை இருபதாவது முறை எப்படி இருக்கும் என்பதுதான் விலை கொடுக்க வேண்டிய திறமை.

5. பட்டியல் போடுங்கள், சொன்னதைச் சரிபாருங்கள்

இப்போது பெயர்களுக்கு வரலாம். ஐந்தாறு பேர் போதும். இதே தொடரில் உதவியாக இருந்தவர், வேறொரு நீண்ட தொடரில் நடுவில் வந்து சேர்ந்தவர், சின்ன கேம்களில் ஊடாடும் இசையை (விளையாடுபவர் செய்வதற்கேற்ப மாறும் இசையை) நன்றாகச் செய்தவர், முற்றிலும் புதியவர் ஒருவர். சினிமாவில் பெரிய பெயர் எடுத்தவரையும் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் அவரே உட்கார்ந்து எழுதுவாரா, தலைப்பு இசையைக் கொடுத்துவிட்டு மீதியை உதவியாளர்களிடம் விடுவாரா என்பதை நேரடியாகக் கேளுங்கள். உதவியாளர்தான் எழுதுவார் என்றால் அந்த உதவியாளரோடு பேசுங்கள்.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதற்குச் சுகியாமா கதையே சுவையானது. தொலைக்காட்சி, விளம்பரம், பாப் பாடல் என்று ஏற்கெனவே பேர் வாங்கியவர் அவர். டிராகன் குவெஸ்டை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் கணினி ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) கேம் ஒன்றைப் பற்றிக் கருத்து அட்டை எழுதி அனுப்பினார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் நிறுவனம் அவரைத் தேடிப்போனது. கேம் விளையாடுகிற இசையமைப்பாளர் என்பது ஒரு தகுதி. இன்றும் அதைக் கேட்கலாம். 'எங்கள் தொடரில் எந்தப் பாகத்தை விளையாடியிருக்கிறீர்கள், எங்கே இசையை அணைத்தீர்கள்?'

அப்புறம், அனுப்பிய இசை அவர் எழுதியதுதானா என்பது. இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். 2014இல் ஜப்பானில் மமோரு சமுராகோச்சி விவகாரம் வெடித்தது. காது கேளாத மேதை என்று கொண்டாடப்பட்டவரின் இசையைப் பதினெட்டு ஆண்டுகளாகத் தாம்தான் எழுதிக் கொடுத்ததாக தகாஷி நீகாக்கி வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பெயரில் வந்தவற்றில் ரெசிடென்ட் ஈவிலின் 1998 மறுபதிப்பு இசையும், 2001இல் வந்த ஒனிமுஷா இசையும் அடக்கம். ஒனிமுஷா 2019இல் உலகெங்கும் மறுபடி வெளியானபோது புதிய இசையோடுதான் வந்தது. (அந்த ரெசிடென்ட் ஈவில் பதிப்பின் நிலவறை இசையைத் தேடிக் கேளுங்கள். பயப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வரும்.) ஆக, மாதிரி இசையின் மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையாக எழுதியவர் பத்து நிமிடம் உற்சாகமாக விளக்குவார். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டதால், எங்கே என்ன பயன்படுத்தினார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. காசு கொடுத்துத் தேர்வு வையுங்கள்

பட்டியலை மூன்று பேராகக் குறைத்து, மூவருக்கும் சம்பளம் கொடுத்து ஒரே தேர்வை வையுங்கள். இலவசமாக எழுதச் சொன்னால் நல்லவர்கள் விலகுவார்கள், மீந்தவர்கள் பழைய இசையைத் தூசி தட்டி அனுப்புவார்கள்.

தேர்வில் மூன்று பகுதி. முதலாவது, தொடரின் பழைய மெட்டு ஒன்றைப் புதிய பாகத்தின் களத்தில் வைத்து ஒரு நிமிடம். இங்கேதான் ஆளின் குணம் தெரியும். சிலர் மெட்டை அப்படியே எடுத்து வயலின்களை அடுக்குவார்கள். சிலர் அடையாளமே தெரியாமல் கரைத்துவிட்டு அதை நயம் என்பார்கள். நீங்கள் தேடுவது, கேட்டவுடன் தெரிந்தும் இதற்கு முன் கேட்டிராதபடி இருப்பதை. இரண்டாவது, முன்னால் எழுதிய சதுப்புநிலக் குறிப்பை அப்படியே கொடுத்து, மூன்று அடுக்கும் தனித்தனிக் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவது பகுதியை முன்கூட்டிச் சொல்லாதீர்கள்: வந்ததும் ஒரு திருத்தம் கேளுங்கள், அதுவும் கொஞ்சம் தெளிவில்லாமல். 'சண்டை இன்னும் தனிமையாக இருக்க வேண்டும்' என்கிற மாதிரி. அவர் என்ன எதிர்க்கேள்வி கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒன்றும் கேட்காமல் சத்தத்தைக் கூட்டி அனுப்பினால் மூன்று வருடம் அதேதான் நடக்கும்.

வந்த இசையை நல்ல ஸ்பீக்கரில் கண்மூடிக் கேட்டு முடிவெடுப்பது பெரிய பொறி. அப்படிக் கேட்டால் அதிகக் கருவிகள் உள்ளதுதான் ஜெயிக்கும். பெயர்களை மறைத்து, கேமுக்குள் பொருத்தி, காலடிச் சத்தமும் வசனமும் வாள் உரசலும் சேர்ந்து ஓட, இருபது நிமிடம் விளையாடுங்கள். பெரிய ஹெட்போனிலும் கேளுங்கள், போனின் சின்ன ஸ்பீக்கரிலும் கேளுங்கள். வசனம் கேட்கவில்லை என்று யாராவது ஒலியைக் குறைக்கப் போனால் குறித்துக்கொள்ளுங்கள். விளையாடி முடித்து அரை மணி நேரம் கழித்து, எதைத் தன்னையறியாமல் முணுமுணுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இதைவிட நல்ல தேர்வு ஒன்று உண்டு. வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். முதன்மைப் பாகத்தைக் கொடுக்கும் முன் ஒரு விரிவாக்கப் பகுதியைக் கொடுத்துப் பார்ப்பது. முன்னால் சொன்ன வைக்கிங் பாகமான அசாசின்ஸ் கிரீட் வால்ஹாலாவின் பாரிஸ் முற்றுகை விரிவாக்கத்துக்கு 2021இல் ஸ்டெஃபனி இகோனமு இசையமைத்தார். அடுத்த ஆண்டு வந்த 'டான் ஆஃப் ரக்னராக்' விரிவாக்கமும் அவரிடமே போனது. கேம் இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாகத் தனிப் பிரிவு தொடங்கிய 2023இல் அதை வாங்கியது அந்த விரிவாக்கத்தின் இசைதான். முழு கேம்களோடு போட்டியிட்டு ஜெயித்தது ஒரு கூடுதல் பகுதி.

7. ஒப்பந்தம், பணம், தேதி

இசைக்குப் பொதுவாக முடிந்த நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். நேரடி வாத்தியக்காரர்கள், ஸ்டூடியோ வாடகை, ஒலிக்கலவை எல்லாம் அதற்குள் அடக்கமா வெளியேவா என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். புடாபெஸ்டில் பதிவு செய்தாலும் சென்னையில் செய்தாலும் தந்தி, பித்தளை, தாளம் மூன்றையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே தடமாக எடுத்துவிட்டால் அடுக்கடுக்காகப் பிரிக்க முடியாது, போட்ட குறிப்பெல்லாம் வீண்.

எத்தனை திருத்தம் விலைக்குள் வரும், வெட்டுப்பட்ட காட்சியின் இசைக்குப் பணம் உண்டா, கேம் தள்ளிப்போனால் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். ஆல்பத்தைத் தனி வேலையாக, தனித் தேதியோடு, தனிச் சம்பளத்தோடு வையுங்கள். 2020 மார்ச்சில் டூம் எட்டர்னல் என்ற கேம் வந்தபோது ஆல்பம் வாக்களித்த நேரத்தில் தயாராகவில்லை. வந்தபோது ஒலிக்கலவை பற்றி ரசிகர்கள் கேள்வி கேட்டார்கள். கேமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் தரப்பு மே மாதம் வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. இசையமைப்பாளர் மிக் கார்டன் 2022 நவம்பரில் நீண்ட பதில் எழுதினார். இரண்டு தரப்பும் சொல்வது வேறு வேறு, யார் சொன்னது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குள் விரிவாக்கப் பகுதிகளின் இசை வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. கேமுக்காக எழுதிய அடுக்குகளை உட்கார்ந்து கேட்கும் பாடல்களாகக் கோர்ப்பது ஒரு முழு வேலை என்பதையும், அதற்கு முன்னமே தேதி விற்றுவிடக் கூடாது என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

8. அடுத்தவருக்கான பெட்டியை இப்போதே கட்டுங்கள்

கையெழுத்தான அன்றே, இவருக்குப் பின்னால் வருபவருக்குத் தேவைப்படுவதைச் சேகரிக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு இசைக்கும் தனித்தடங்கள், மிடி கோப்பு (எந்தச் சுரம் எப்போது என்ற கணினிக் குறிப்பு), வேக வரைபடம், இசைக்குறிப்பு, எந்த ஒலி நூலகத்தின் எந்தப் பதிப்பு என்ற பட்டியல். பத்து வருடம் கழித்து மறுஆக்கம் செய்யும்போது பழைய மென்பொருள் திறக்காது, தனித்தடங்கள் திறக்கும். சம்பளத்தின் கடைசித் தவணையை இந்தப் பெட்டி வந்து சேர்ந்த பிறகு என்று வையுங்கள், இல்லாவிட்டால் வராது.

இரண்டாம் ஆள் ஒருவரும் வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 14இன் சோக்கென், தாம் 2020இல் புற்றுநோய்க்கு மருத்துவமனையில் இருந்துகொண்டே இசை எழுதியதாக 2021 மே மாத ரசிகர் விழாவில்தான் சொன்னார். கேட்டவர்கள் அழுதார்கள். அவர் மன உறுதிக்குத் தலைவணங்க வேண்டியதுதான்; ஆனால் உங்கள் அட்டவணை அந்த மாதிரி உறுதியை நம்பி நிற்கக் கூடாது. சின்ன லூப்கள், மெனு இசை, விரிவாக்கத்தின் ஒரு ஊர் என்று இரண்டாம் ஆளுக்கு ஆரம்பத்திலிருந்தே கொடுத்து வாருங்கள், பெயரையும் நன்றிப் பட்டியலில் தெளிவாகப் போடுங்கள்.

ரசிகர்களிடம் சொல்வது கடைசி. பெயரை மட்டும் அறிக்கையாக வெளியிட்டால் விவாதம் பெயரைச் சுற்றியே போகும். தேர்வில் எழுதிய அந்த ஒரு நிமிடத்தை, பழைய மெட்டு புதுக் களத்தில் ஒலிப்பதை, முதலில் போடுங்கள். பெயர் அதன் முடிவில் வரட்டும். முந்தைய இசையமைப்பாளர் இருந்தால், வெளியிடுவதற்கு முதல் நாளாவது அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.